வெட்டை விழாத காணி

எங்கள் காணியில் இரண்டரை வருடமாக ஒரு கன்றுகூடச் சாகவில்லை என்று மாதா மாதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியவன் நான்தான். கடலுக்கு அரை மைல் தள்ளிய உவர்நிலம் அது. கோடையில் மண்ணின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அதில் நூற்றறுபது இலுப்பைக் கன்று வைத்து நூற்றறுபதும் நிற்கிறதென்றால், கொஞ்சம் மூளையுள்ள எவனுக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குப் பெருமைதான் வந்தது. ஆகவே சிவலட்சுமி அக்காவின் கதையைச் சொல்லும்போது முதல் குட்டு என் தலைக்கே விழட்டும்.

என் பெயர் றெனால்ட். ஊர் பள்ளிமுனை. மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் வள்ளத்தில் ஏறினால் குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுக்கிறவன். அதனால் கரையில் கிடைத்த வேலையெல்லாம் செய்து, கடைசியில் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு வெளிக்கள உதவியாளராக ஒட்டிக்கொண்டேன். ஆராய்ச்சி செய்தவள் எங்கள் ஒழுங்கையில் வளர்ந்த நிறஞ்சலா, யோசேப் அண்ணரின் இரண்டாவது மகள். கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கக் கண்டிப் பக்கம் போனவள், படிப்பதற்கு மரம் தேடி மன்னாருக்கே திரும்பி வந்தாள். வங்காலை வீதியோரம் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தாள். காணியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியபோது நானாட்டானில் கேட்ட இடமெல்லாம் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள்.

"கண்டு நடுற வேலையெண்டா சிவலட்சுமியைக் கூப்பிடுங்கோ. அவ கை வைச்ச இடத்தில வெட்டை விழாது."

வெட்டை என்றால் வயலில் பயிர் முளைக்காமல் மொட்டையாகக் கிடக்கிற இடம். அங்கே நெல்லை நாற்று நடுவது குறைவு, விதைத்துத்தான் விடுவார்கள். ஓரிடத்தில் முளை நெருக்கியடித்துக்கொண்டு வரும். இன்னோரிடத்தில் ஒன்றும் வராது. விதைத்து மூன்று கிழமை போனதும் பெண்கள் வயலில் இறங்கி, நெருக்கமான இடத்தில் பிடுங்கி வெட்டையில் நட்டுக்கொண்டே போவார்கள். சிவலட்சுமி அக்கா பன்னிரண்டு வயதில் தாயோடு அந்த வேலைக்கு இறங்கியவர். முப்பது வயதில் அவர் இல்லாமல் பெரிய கமக்காரர்கள் அந்த வேலையைத் தொடங்க மாட்டார்கள் என்கிற அளவுக்குப் பெயர் எடுத்துவிட்டார். அவர் நட்டு முடித்து ஏறிப்போன வயலை வரம்பில் நின்று பார்த்தால் எது விதைத்தது, எது நட்டது என்று கண்டுபிடிக்க முடியாது. அதுதான் அந்த வேலையின் அழகு. செய்தது தெரியக்கூடாது.

யுத்தத்தில் இடம்பெயர்ந்து முகாமில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறார். கூடாரத்துக்கு வெளியே இரண்டு முழ இடம். அதில் மிளகாய்க் கன்று வைத்தாராம். ஒன்று வாடினால் அடுத்த நாளே அங்கே இன்னொன்று நிற்குமாம். பக்கத்துக் கூடாரத்தார் சிரித்திருக்கிறார்கள். திரும்பி வந்த பிறகு கணவர் பரமநாதன் உழவு இயந்திரம் ஓட்டினார். குளக்கட்டில் அது சரிந்து முதுகு போனதிலிருந்து வீட்டில் கதிரையோடு சரி. ஒரே மகள் அபிசா, உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டை இழுத்தது அக்காதான்.

ஆளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கேட்ட கேள்விக்குச் சுத்தமாகப் பதில் சொல்லுவார். கேட்காததை வாயைக் கிண்டினாலும் சொல்ல மாட்டார். நான் அதற்கு நேர்மாறு. கேட்காததையெல்லாம் சொல்லித்தான் இந்த வினையே வந்தது.

முதல் நாள் நிறஞ்சலா காணிக் கொட்டிலில் வைத்து எங்கள் இருவருக்கும் வேலையை விளங்கப்படுத்தினாள். மரபணு வரைபடம் என்று தொடங்கியவள், எங்கள் முழியைப் பார்த்துவிட்டு நிறுத்தி, வேறு வழியால் வந்தாள்.

"அன்ரி, தலைமன்னாருக்கு வாற ரயில் பாதையை நினையுங்கோ. மடு வீதி, முருங்கன், திருக்கேதீஸ்வரம், மன்னார், பேசாலை எண்டு ஸ்ரேசன் ஒழுங்கா வரும்தானே. மரத்துக்குள்ள மரபணுவும் அப்பிடித்தான் வரிசையா இருக்கு. பாலையும் இலுப்பையும் ஒரே குடும்பம். ரெண்டிலயும் கனக்க ஸ்ரேசன் அதே ஒழுங்கிலதான் இருக்கும் எண்டு நினைக்கிறம். உப்பைத் தாங்கிற குணம் ஒரு மரத்தில எந்த ஸ்ரேசனடியில எண்டு பிடிச்சிட்டமெண்டா, மற்ற மரத்தில எங்க தேடவேணுமெண்டு தெரியும்."

"அப்ப இதில முருங்கனடியில எண்டா, அதிலயும் முருங்கனடியில பாக்கிறது" என்றார் அக்கா.

"அதேதான் அன்ரி!"

எனக்கு அதற்குள் மூன்றாவது ஸ்ரேசன் மறந்துவிட்டது. அக்கா எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டார். வெளிநாட்டில் ஓக் என்ற மரத்தையும் செஸ்நட் என்ற மரத்தையும் இப்படி ஒப்பிட்டு வரைபடம் போட்டிருக்கிறார்களாம். அவையும் ஒரே குடும்பமாம். நம்முடைய பாலைக்கும் இலுப்பைக்கும் அப்படி ஒன்று போட்டால், ஊருக்குள் உப்பு ஏறுகிற நிலங்களில் எந்தக் கன்றை வைக்கலாம் என்று விதையிலேயே சொல்லலாம் என்பது நிறஞ்சலாவின் ஆசை.

வரைபடத்துக்கு ஒரே தாய்க்கும் ஒரே தகப்பனுக்கும் பிறந்த பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் வேண்டும். இலுப்பைக்கு நானாட்டான் குளக்கட்டில் நிற்கிற ஒரு மரம் தாய். முருங்கன் பக்கத்தில் நிற்கிற ஒன்று தகப்பன். பூக்கிற காலத்தில் நிறஞ்சலா ஏணியில் ஏறி, மொட்டுகளைத் துணிப் பையால் மூடிக் கட்டினாள். இல்லாவிட்டால் வௌவால் வந்து ஊரிலுள்ள எல்லா இலுப்பையின் மகரந்தத்தையும் பூசிவிட்டுப் போய்விடும். பிறகு பையை அவிழ்த்து, முருங்கன் மரத்து மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்தாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாலைக்கும் அதே கூத்து. பிறந்த பிள்ளைகளில் நூற்றறுபது பாலை, நூற்றறுபது இலுப்பை. ஒவ்வொன்றின் கழுத்திலும் இலக்கம் குத்திய அலுமினியத் தகடு ஒன்றைக் கட்டினோம்.

இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டுக் கடைசி மழையோடு நட்டோம். நிறஞ்சலா அக்காவிடம் தெளிவாகச் சொன்னாள்: முதல் இரண்டு மாதம் தண்ணீர், அதற்குப் பிறகு மழை மட்டும், உரம் கூடாது, ஆடு உள்ளே வரக்கூடாது. எது வாடுகிறது, எது நிற்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சியின் கேள்வியே. உப்பில் செத்த கன்றையும் உப்பில் நின்ற கன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தக் குணம் எந்த ஸ்ரேசனடியில் என்று தெரியும். வாடத் தொடங்கியதும் நான் தொலைபேசியில் சொல்ல வேண்டும், அவள் வந்து இலை எடுப்பாள். இதை எனக்குச் சொன்னாள். அக்காவுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. செத்த கன்று செத்த இடத்தில் கிடக்கும்தானே என்று நினைத்துவிட்டாள், பாவம், கடற்கரைப் பிள்ளை.

நட்ட அன்று பின்னேரம் பத்துப் பதினைந்து குழி மிச்சமிருந்தது. இருட்டுகிறதே என்ற அவதியில் நான் வழமைபோல அதிகாரம் காட்டினேன்.

"அக்கா, பெரிய பெரிய ஆக்கள் வந்து பாக்கப்போற காணி. ஒரு இடமும் வெறுமையாக் கிடக்கக் கூடாது, விளங்குதோ?"

"ஓம் தம்பி" என்றார்.

அடுத்து வந்த இரண்டு வருடங்களை யாருக்கும் நினைவுபடுத்தத் தேவையில்லை. கொரோனாவில் நாடு மூடிக் கிடந்தது. திறந்தபோது பெற்றோல் இல்லை. நிறஞ்சலா கண்டியில் அகப்பட்டுக்கொண்டாள். இரண்டு வருடத்தில் இரண்டு தரம் வந்திருப்பாள், அதுவும் ஓடி வந்து ஓடிப் போனது. நான் பள்ளிமுனையிலிருந்து சைக்கிளை மிதித்து மாதம் ஒரு தரம் போனேன். அக்கா நானாட்டானிலிருந்து நாள் தவறாமல் சைக்கிளில் வந்தார். போகும்போதெல்லாம் காணி நிறைந்து நின்றது. வரிசையில் ஒரு பல்லும் விழவில்லை. நான் கொட்டிலில் கதிரையைப் போட்டு உட்காருவேன். அக்கா மூன்று கல் அடுப்பில் தேத்தண்ணி வைத்துத் தருவார். குடித்துவிட்டு, 'இறப்பு: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன்.

நிறஞ்சலாவும் கொஞ்சம் மயங்கித்தான் போனாள். இலுப்பை இவ்வளவு உப்பைத் தாங்குமா என்று கொழும்பில் ஒரு கூட்டத்தில் படம் போட்டுக் காட்டியிருக்கிறாள். கேட்டவர்கள் கை தட்டினார்களாம்.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று தொடக்கத்தில் வந்து முந்நூற்றிருபது கன்றிலும் இலை எடுத்துக்கொண்டு போனாள். ஆய்வுகூடத்துக்கு ஒரு தரம்தான் அனுப்ப வசதி இருந்தது. முடிவு வர ஆவணி ஆகிவிட்டது. நான் சந்தையில் நின்றபோது நிறஞ்சலா தொலைபேசியில் அழைத்தாள்.

"அங்கிள், இலுப்பையில எழுபத்தொண்டுக்குத் தகப்பன் வேற."

எனக்குச் சிரிப்பு வந்தது. "வௌவால் பைக்குள்ள பூந்திட்டுதாக்கும் பிள்ளை."

"நான் கட்டின பை அங்கிள். ஒண்டு ரெண்டெண்டாச் சரி. எழுபத்தொண்டோ? தாய் எல்லாத்துக்கும் சரியா இருக்கு. தகப்பன் மட்டும் ஒவ்வொண்டுக்கு ஒவ்வொருத்தர்." பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஒரு கண்டும் சாகேல்லை எண்டு எழுதினீங்கள்தானே?"

மூன்றாம் நாள் காலமை அவள் காணியில் நின்றாள். கையில் இலக்கங்கள் அச்சடித்த தாள். அக்கா கொட்டிலடியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். நிறஞ்சலா கோபப்படவில்லை. சும்மா ஊர்க்கதை கேட்பதுபோல, ஏழாம் இலக்கக் கன்றைக் காட்டிக் கேட்டாள்.

"அன்ரி, இது நாங்கள் முதல் வைச்ச கண்டோ?"

"இல்லைப் பிள்ளை. அது செத்துப் போச்சு. இது நான் வைச்சது."

அவ்வளவு இலகுவாகச் சொன்னார். கேட்டது இப்போதுதானே. நிறஞ்சலா தாளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கன்றாகப் போனாள். அக்காவுக்கு எல்லாம் நினைவிருந்தது. பதினொன்று, அபிசாவுக்குக் காய்ச்சல் வந்த கிழமை வைத்தது. இருபத்தாறு, சித்திரை வருசத்துக்கு முதல் நாள். நாற்பதாம் இலக்கத்தை இரண்டு தரம் மாற்ற வேண்டி வந்ததாம். அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் வெட்கப்பட்டார். எப்படி வைத்தார் என்றும் கேட்டதற்குச் சொன்னார். செத்ததைப் பிடுங்கிவிட்டு, குளக்கட்டுத் தாய்மரத்தடிக்கே போய், விழுந்த விதையில் தானாக முளைத்து நிற்கிறதில் அளவுக்கு அளவு பார்த்துக் கிண்டி எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கொண்டுவந்து, அதே குழியில் வைத்து, பழைய தகட்டை எடுத்துப் புதியதின் கழுத்தில் கட்டியிருக்கிறார்.

"வேற மரத்துக் கண்டு எடுக்கேல்லைப் பிள்ளை. அதே தாயின்ர பிள்ளையள்தான். அதில நான் பிழை விடேல்லை."

"தண்ணி?"

"காணித் தண்ணி ஊத்தக் கூடாதெண்டு சொன்னீங்கள். நான் தொடேல்லை. என்ர குடிக்கிற போத்தலில கொஞ்சம் விட்டனான். வேர் பிடிக்குமட்டும்."

நிறஞ்சலா தாளை மடித்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அந்தத் துணிவு இல்லை. ஆனால் அவளிடம் இன்னும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. அதைக் கேட்கும்போது அவளுடைய குரலில் கொஞ்சம் உயிர் வந்ததைக் கவனித்தேன். காய்ந்த தண்டிலிருந்தும் சிலவேளை மரபணு எடுக்கலாமாம். எந்தக் குச்சி எந்த இலக்கம் என்று தெரிந்தால் போதுமாம். அக்காவின் ஞாபகத்தைத்தான் இப்போது பார்த்தோமே.

"அன்ரி, செத்த கண்டுகளை எங்க போட்டனீங்கள்? ஒரு மூலையில கிடக்குதோ? எங்கயாவது?"

அக்கா கொட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

"அடுப்புக்குள்ள வைச்சனான் பிள்ளை. தேத்தண்ணிக்கு."

அந்தத் தேத்தண்ணியை நான் குடித்திருக்கிறேன். நிறஞ்சலாவும் வந்த இரண்டு தரமும் குடித்திருக்கிறாள், சீனி கூடப் போட்டு. அவள் நாலு வருடமாகத் தேடிய பதில் பென்சில் அளவுக் குச்சிகளாக எங்கள் மூக்குக்கு முன்னாலேயே எரிந்து சாம்பலாகிப் போயிருக்கிறது. நாங்கள் ஊதி ஊதிக் குடித்திருக்கிறோம்.

நிறஞ்சலா ஒரு தரம் சிரித்தாள். பிறகு வேலியோரம் நடந்துபோய், முதுகைக் காட்டிக்கொண்டு கன நேரம் நின்றாள். திட்டியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அக்கா என்னிடம் கேட்டார்.

"பிழையோ தம்பி?"

எனக்குத் தெரிந்த அளவில் விளங்கப்படுத்தினேன். சாகிறதுதான் வேண்டியது என்று. எது செத்தது என்று தெரிந்தால்தான் எது ஏன் நின்றது என்று தெரியும் என்று. நின்ற எண்பத்தொன்பதை மட்டும் வைத்து ஸ்ரேசன்களின் ஒழுங்கைப் போடலாம். உப்பு எந்த ஸ்ரேசனடியில் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று. அக்காவுக்கு இரண்டாம் தரம் சொல்லத் தேவையில்லை. அவருடைய முகம் சுருங்கிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். அதற்கு முன்னும் பின்னும் யாருடைய முகத்திலும் நான் அப்படிக் கண்டதில்லை.

"சாகவிடத்தான் வைச்சனீங்களோ?" என்று மட்டும் கேட்டார். குற்றம் சாட்டுகிற மாதிரிக் கேட்கவில்லை. நம்ப முடியாமல் கேட்டார்.

பாலையில் அவ்வளவு சேதமில்லை. அது உப்புக்கு அசைகிற மரமில்லை, நாலைந்துதான் மாறியிருந்தது. எது உப்பில் குறுகி நின்றது, எது நெடுத்தது என்று உயரத்தை அளந்தே அதில் உப்பின் ஸ்ரேசனைப் பிடித்துவிட்டாள். அதனால் ஒரு பாதி வரைபடம் முடிந்து கிடந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மற்றப் பாதி இல்லை. ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டு எப்படிக் கை தட்டுவது?

பல்கலைக்கழகக் கந்தோரிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பிறகு இரண்டு பேர் வந்து கொட்டிலில் இருந்து விசாரித்தார்கள். கன்று மாற்றும்படி யாராவது சொன்னார்களா என்று அக்காவிடம் கேட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுகிற மனுசி அன்று முதல் தரமாக ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். 'ஒரு இடமும் வெறுமையாக் கிடக்கக் கூடாது' என்று சொன்னது நான்தான் என்று நானும் சொல்லவில்லை. எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், எனக்கும் வேலை வேண்டும் என்றெல்லாம் நினைத்துக்கொண்டேன். வேண்டிய நேரத்தில் மனிதனுக்குக் காரணம் நன்றாகத்தான் வரும். 'பணியாளரின் கவனக்குறைவு' என்று எழுதிக்கொண்டு போனார்கள். இரண்டு வருடம் வெயிலில் சைக்கிள் மிதித்தவருக்கு அந்தச் சொல்.

அவரை நிறுத்தச் சொல்லித்தான் மேலிடத்தில் சொன்னார்கள். நிறஞ்சலா விடவில்லை. பல்கலைக்கழகம் அவளுக்கு இரண்டு வருடம் தவணை கொடுத்திருந்தது. அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை, முடிக்காவிட்டால் பட்டம் இல்லை. அடுத்த பூவுக்கு மறுபடி ஏணி, மறுபடி துணிப் பை, மறுபடி தூரிகை. இந்த முறை காய் பிடித்தது குறைவு. தொண்ணூறு கன்றுதான் தேறியது. நட முதலே எல்லாவற்றிலும் இலை எடுத்து அனுப்பிவிட்டாள். இனி வேண்டியது ஒன்றுதான். எது, எந்தத் திகதியில் சாகிறது என்ற சரியான பதிவு.

"அன்ரி, நான் சொல்லாமல் விட்டது என்ர பிழை. இந்த முறை எல்லாம் சொல்லுறன். தண்ணி இல்லை. மாத்தி வைக்கிறது இல்லை. பிடுங்கிறதும் இல்லை. செத்த அண்டைக்குத் திகதி எழுதுங்கோ. உங்களைப் போலக் கண்டு பாக்கிற கண் வேற ஆருக்கும் இல்லை. அதாலதான் கேக்கிறன். செய்வீங்களோ?"

"செய்யிறன் பிள்ளை" என்றார். கடனைத் தீர்க்கிற குரல் அது.

இருபத்துநாலாம் ஆண்டுக் கடைசி மழையோடு அதே காணியில் நட்டோம். இரண்டாயிரத்து இருபத்தைந்து வைகாசியில் மழை நின்றது. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்தது. ஆனியில் முதல் கன்று போனது. சாவைப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. இலை கொட்டிவிட்டால் மட்டும் செத்ததென்று எழுத முடியாது. தண்டின் தோலை நகத்தால் கீற வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே கீற வேண்டும். அடிவரை பழுப்பென்றால்தான் கொப்பியில் எழுதலாம். அக்கா ஒவ்வொரு நாளும் தொண்ணூறு கன்றிடமும் போனார். குந்தியிருந்து நகத்தால் கீறினார். எழுதினார். அவருடைய வலது பெருவிரல் நகத்துக்குள் பழுப்பு ஏறி, கழுவினாலும் போகாமல் நின்றது.

அந்த மாதங்களில் அவர் மெலிந்துபோனார். காணியில் சாப்பிடுவதை விட்டுவிட்டார். தேத்தண்ணியும் வைப்பதில்லை. குடிக்கிற போத்தலைக் கொட்டிலுக்குள் அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை என்னிடம் தந்தார். நான் இல்லாத நாட்களில் திறப்பைக் காணி வாசலில் இருக்கிற கடையில் கொடுத்துவிட்டு வந்தார். தன் கையைத் தானே நம்பாத மனுசியை நான் அப்போதுதான் கண்டேன். வெயிலேறினால் கடைக்குப் போய்த்தான் தண்ணீர் குடித்தார்.

பரமநாதன் அண்ணர் ஒருநாள் தொலைபேசியில் என்னைப் பிடித்தார். "றெனால்ட், உவ வீட்டில வந்தும் கதைக்கிறா இல்லை. பூமரத்துக்குத் தண்ணி ஊத்தவும் மாட்டனெண்டுறா. என்ன வேலையப்பா உது?" வேலையை விடச் சொல்லுங்கோ என்று சொல்ல வாய் வந்தது. விட்டால் நிறஞ்சலாவின் பதிவு நடுவில் அறுந்து போகும். இருவரில் யாருக்கு இரங்குவது என்று தெரியாமல், "பாப்பம் அண்ணை" என்று வைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் அதிகம் சொன்ன சொல் அதுவாகத்தான் இருக்கும்.

ஆவணி நடுவில் ஒரு காலமை போனபோது அக்கா அறுபத்துநாலாம் இலக்கக் கன்றுக்கு முன்னால் குந்தியிருந்தார். அது முழங்காலுக்கு மேலே வளர்ந்த, தொண்ணூறிலும் நல்ல கன்று. இலை முழுதும் கொட்டியிருந்தது. அவர் எழும்பவில்லை. தண்டில் கீறிய இடத்தைக் காட்டினார். மயிரிழை மாதிரிப் பச்சைக் கோடு ஒன்று தெரிந்தது.

"தம்பி, உள்ளுக்கு உயிர் இருக்கு. அரைப் போத்தல் தண்ணி விட்டாக் காணும். அரைப் போத்தல்."

என் கையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. மோட்டார் சைக்கிளில் வந்தவன், குடித்துக்கொண்டே உள்ளே வந்திருந்தேன். அதை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"ஏலாது அக்கா."

"தெரியும். கேட்டுப் பாத்தனான்."

முந்தி அவர் கேட்டிருக்கவே மாட்டார். தானே ஊற்றியிருப்பார். அந்த அரைப் போத்தலுக்காக என்னிடம் கெஞ்சுகிற நிலைக்கு அவரைக் கொண்டுவந்தது நாங்கள். நான் ஒன்றும் செய்யாமல் நின்றேன், நிற்கத்தான் முடிந்தது. அவர் மூன்று நாள் அந்தக் கன்றைக் கீறிக் கீறிப் பார்த்தார். நாலாம் நாள் எழுதினார். ஆறாம் வகுப்போடு நின்ற கை, ஒவ்வொரு இலக்கத்தையும் அழுத்தி அழுத்தி எழுதியிருந்தது.

கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து நிறஞ்சலாவுக்கு அனுப்பினேன். பின்னேரம் அவள் அழைத்தாள். குரலில் சந்தோசம் தெறித்தது. இவ்வளவு சுத்தமான பதிவைத் தன் மேற்பார்வையாளரே பார்த்ததில்லையாம். பாலையில் உப்பு இருந்த அதே ஸ்ரேசனடியில் இலுப்பையிலும் ஏதோ தெரிகிற மாதிரி இருக்கிறதாம். ஆனால் இப்போதைக்கு அது போதாதாம். நாற்பத்தொன்று செத்திருக்கிறது, இன்னும் ஒரு பதினைந்தாவது சரியான திகதியோடு போனால்தான் அடித்துச் சொல்லலாமாம். "அன்ரிக்குக் கட்டாயம் சொல்லுங்கோ அங்கிள், அவவாலதான் இவ்வளவும் எண்டு."

அடுத்த நாள் போய்ச் சொன்னேன். பாராட்டை ஒரு சொல் விடாமல் சொன்னேன், என் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். அக்கா கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"பிள்ளை பாஸ் பண்ண இன்னும் எத்தினை சாகவேணும் தம்பி?"

மழுப்பலாம் என்று நினைத்தேன். அவர் கேட்டால் நேராகப் பதில் சொல்லுகிறவர். அவருக்கு மழுப்பல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பதினைஞ்சு அக்கா."

தலையை ஆட்டினார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பி, இன்னும் பச்சையாய் நின்ற கன்றுகளின் வரிசைக்குள் இறங்கி, ஒவ்வொன்றின் முன்னாலும் கொஞ்சம் கொஞ்சம் நின்று நின்று போனார். எந்தப் பதினைந்து என்று பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது.